ஜெனரலுக்குள் இருந்த மற்ற இரண்டு

"அம்மா, இந்த ஏழு எழுத்துல மூணு வார்த்தை இருக்கு. ஒண்ணு நானே சொல்லிடறேன், ஜெனரல். மீதி ரெண்டையும் நீ கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு மகள் தூங்கப் போய்விட்டாள். மேஜை மேல் ஏழு ஸ்கிராபிள் காய்கள், எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் செய்கிற ஆட்டம் அது. ஜி, ஈ, என், ஈ, ஆர், ஏ, எல். ஏழும் வர வேண்டும், எதுவும் மிஞ்சக்கூடாது.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளக்கை அணைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. காய்களை எத்தனை முறை கலைத்தாலும் கண் அவற்றைத் திரும்பத் திரும்ப ஜெனரல் என்றே அடுக்கிக்கொண்டது. அவள் முதல் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனது உதவி மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் அதுதான் பூட்டு. ஒரு சொல்லைப் பார்த்துவிட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருப்பது படிக்கத் தெரிந்த கண்ணுக்கு ரொம்பக் கடினம்.

கடைசியில் காய்களை வரிசையாக வைப்பதை விட்டுவிட்டு வட்டமாக வைத்தேன். வட்டத்தில் எங்கே தொடங்குவது என்று கண்ணுக்குத் தெரியாது. அது தடுமாறுகிற அந்த நேரத்தில்தான் மற்ற எழுத்துகள் வெளியே வருகின்றன. ஒரு 'ஈ'யும் 'என்'னும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆங்கிலத்தில் இந்த இரண்டோடு தொடங்கும் சொற்கள் எவ்வளவு இருக்கின்றன! அவற்றைத் தனியே நகர்த்தி வைத்தேன். மிச்சம் எல், ஏ, ஆர், ஜி, ஈ. லார்ஜ். அப்படியானால் என்லார்ஜ்.

மூன்றாவது எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் அவளே சொன்னாள்: கிளீனர். துப்புரவு செய்கிற கிளீனர் இல்லை, 'ஜி'யில் தொடங்குவது. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறவர் என்று பொருள்.

மேலே போவதற்கு முன் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தமிழில் எழுதும்போது சில ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் ஒன்றாகிவிடுகின்றன. டாக்டர் என்பதன் முதல் எழுத்தை இங்கே 'டி' என்றும், அதன் நடுவில் வருவதை 'டீ' என்றும் எழுதுகிறேன். புக்கில் வருவது 'பி', பேப்பரில் வருவது 'பீ'.

இந்த விளையாட்டில் எனக்கு ஆர்வம் வந்து பல வருடம் ஆகிறது. அதில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், "இந்த எழுத்துகள் வரும் சொல் எது?" என்பது ஒரே கேள்வி இல்லை என்பது. கேட்கிறவர் மனதில் ஒன்று இருக்கும், பதில் தேடுகிறவர் மனதில் வேறொன்று இருக்கும். கொடுத்த எழுத்துகள் எல்லாமே வர வேண்டும், வேறெதுவும் வரக்கூடாது என்பது ஒன்று. மகள் கேட்டது அது, அனகிராம் என்பார்கள். கொடுத்ததில் முடிந்த அளவுக்கு எடுத்து நீளமான சொல்லாகச் செய் என்பது இன்னொன்று. பிரிட்டனில் 1982 முதல் நடக்கும் கவுண்ட்டவுன் என்ற தொலைக்காட்சிப் போட்டியில் 9 எழுத்துகளைக் கொடுத்து 30 வினாடியில் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். மூன்றாவது வகையில் கொடுத்த எழுத்துகள் கட்டாயம் வர வேண்டும், கூட எது வந்தாலும் பரவாயில்லை. 'கியூ'வும் 'எக்ஸ்'ஸும் சேர்ந்து வரும் சொல் எது என்றால் எக்ஸ்செக்கர், குவிக்ஸாட்டிக். 'ஜே'யும் 'எக்ஸ்'ஸும் என்றால் ஜூக்பாக்ஸ், ஜின்க்ஸ். 'ஜே'யும் 'கியூ'வும் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஜான்குவில் என்ற மஞ்சள் பூ ஒன்றுதான்.

இதிலும் வரிசை முக்கியமா என்று கேட்டால் விஷயம் இன்னும் பிரிகிறது. எச், ஐ, ஜே, கே என்ற நான்கும் இதே வரிசையில் வர வேண்டும், நடுவில் வேறு எழுத்து புகுந்தால் தப்பில்லை என்றால் ஹைஜாக். ஐந்து உயிரெழுத்துகளும் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற அதே வரிசையில் வர வேண்டும் என்றால் ஃபசீஷியஸ், ஆப்ஸ்டீமியஸ். வரிசை வேண்டாம் என்றால் எஜுகேஷன் போதும்; ஏழே எழுத்தில் ஐந்தையும் அடக்கிய சிக்வோயா என்ற மரமும் உண்டு. இடைவெளியே இல்லாமல் ஒட்டி வர வேண்டும் என்றால் அது கடைசி வகை. ஆர், எஸ், டீ, யு நான்கும் ஒட்டியே வருகிற சொல் அண்டர்ஸ்டடி. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஒட்டி வருவது ஹைட்ராக்ஸிசின் என்ற மருந்தின் பெயரில்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒட்டி வரும் வகைதான். பயணத்தில் முன்னால் போகும் வண்டியின் எண் பலகையில் உள்ள எழுத்துகளை எடுத்துக்கொண்டு ஆடலாம். ஒருமுறை டீ, எச், கியூ என்ற மூன்று எழுத்து கிடைத்தது. இப்படி ஒரு கூட்டணி எந்த மொழியிலாவது இருக்குமா என்று தோன்றியது. சற்று நேரம் கழித்து மகள் பின் இருக்கையிலிருந்து "எர்த்குவேக்" என்று கத்தினாள்.

அந்தச் சொல் எனக்கு ஒரு கதவைத் திறந்தது. டீயும் எச்சும் எர்த் என்பதன் முடிவு, கியூ என்பது குவேக் என்பதன் தொடக்கம். இரண்டு சொற்கள் ஒட்டிய இடத்தில்தான் அந்த விசித்திரமான கூட்டணி பிறந்திருக்கிறது. அப்புறம் பார்த்தால் எல்லா இடத்திலும் இதே கதைதான். கே, எம், ஏ என்றால் புக்மார்க். டபிள்யூ, எஸ், பீ என்றால் நியூஸ்பேப்பர். சி, கே, ஜி என்றால் பேக்கிரவுண்ட். டபிள்யூ, கே, டபிள்யூ என்று வாயில் நுழையாத ஒன்று ஆக்வர்டில் இருக்கிறது. பழைய ஆங்கிலச் சொல் ஒன்றோடு வார்ட் என்ற விகுதி சேர்ந்த இடம் அது. புக்கும் கீப்பரும் சேர்ந்த புக்கீப்பரில் இரண்டு 'ஓ', இரண்டு 'கே', இரண்டு 'ஈ' என்று மூன்று இரட்டைகள் தொடர்ந்து நிற்கின்றன.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். நம் மொழியில் இரண்டு சொற்கள் சேரும்போது ஒட்டிய இடம் மாறிவிடுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். ஓர் எழுத்து தோன்றும், அல்லது திரியும், அல்லது கெடும். வாய்க்கு இதமாக இருக்கும்படி தமிழ் தன் தையலை இழைத்துவிடுகிறது. ஆங்கில எழுத்து அப்படிச் செய்வதில்லை. எர்த் என்பதையும் குவேக் என்பதையும் அப்படியே அருகருகே வைத்து ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறது. உச்சரிப்பு எவ்வளவு மாறினாலும் எழுத்தில் தையல் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே வினோதமான மெய்யெழுத்துக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால் நான் முழுச் சொல்லைத் தேடுவதில்லை. நடுவில் எங்கே வெட்டலாம் என்று பார்க்கிறேன். முன்பாதி எந்தச் சொல்லின் வால், பின்பாதி எந்தச் சொல்லின் தலை என்று தேடினால் பெரும்பாலும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

வெட்ட முடியாத கூட்டம் என்றால் அது கிரேக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். பீ, எச், டீ, எச் என்று நான்கு மெய்கள் தொடர்ந்தால் கண் மருத்துவத்தைக் குறிக்கும் ஆப்தால்மாலஜி, டிப்தீரியா, நாப்தலீன். இந்த நான்கும் மூலத்தில் இரண்டே கிரேக்க எழுத்துகள். ரோமன் எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு எழுத்து தேவைப்பட்டதால் நான்காகிவிட்டன.

கலைந்த எழுத்துகளுக்கு வருகிறேன். அங்கே எனக்குப் பலன் தந்த வழி, அரிய எழுத்தை முதலில் பிடிப்பது. எது அரியது, எது மலிந்தது என்பதை ஸ்கிராபிள் காய்களே சொல்லிவிடும். அந்த ஆட்டத்தை 1930களில் உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பொருளாதார மந்தத்தில் வேலை போன நேரத்தில், செய்தித்தாள்களை எடுத்து வைத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணியிருக்கிறார். அந்தக் கணக்குதான் இன்றும் பெட்டிக்குள் இருக்கிறது. மொத்தம் 100 காய்கள், அதில் இரண்டு வெற்றுக் காய்கள். 'ஈ' மட்டும் 12. 'ஏ'யும் 'ஐ'யும் ஒன்பது ஒன்பது. கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. 'எஸ்' ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்துகளில் ஒன்று, ஆனாலும் நான்கு காய்தான் வைத்தார். எந்தச் சொல்லின் பின்னாலும் ஒட்டிப் பன்மையாக்கிவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பதால். ஒரு மனிதர் பென்சிலோடு உட்கார்ந்து எண்ணிய எண்ணிக்கை இத்தனை வருடம் நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது. ஸ்கிராபிள் என்ற பெயர் 1948ல் அதைத் தயாரித்து விற்ற ஜேம்ஸ் புருனாட் வைத்தது.

அரிய எழுத்துக்குப் போக்கிடம் குறைவு. 'கியூ' வந்தால் பின்னாலேயே 'யு'வை நிறுத்திவிடலாம். 'வி'யில் முடியும் ஆங்கிலச் சொல் மிகக் குறைவு. கிவ், ஹேவ், லவ் எல்லாவற்றிலும் பின்னால் ஒரு 'ஈ' காவல் நிற்கும். ஆகவே 'வி' இருந்தால் அதைக் கடைசியில் வைத்துப் பார்ப்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். மாறாக எல்லாமே மலிந்த எழுத்துகளாக இருந்தால்தான் கஷ்டம், ஏனென்றால் அவை எங்கு வேண்டுமானாலும் உட்காரும். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற ஏழும் ஸ்கிராபிளில் ஆளுக்கு ஒரு புள்ளி மட்டுமே தரும் மலிந்த எழுத்துகள். ஆனால் அவற்றுக்குள் ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ஸ்டியரின், ரெட்சினா என்று இத்தனை இருக்கின்றன. ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால், போட்டிக்குப் போகிறவர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களை மனப்பாடமே செய்து வைத்திருக்கிறார்கள்.

ஜெனரல் இரவுக்குப் பிறகு, கணினியிடம் இதைக் கொடுத்தால் எப்படித் தேடும் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஒரு சிறிய நிரல் எழுதினேன். எல்லாவிதமாகவும் மாற்றி அடுக்கிப் பார்க்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அது வீண் வேலை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கினால் போதும். ஜெனரல், என்லார்ஜ், கிளீனர் மூன்றுமே ஏ, ஈ, ஈ, ஜி, எல், என், ஆர் என்று ஆகிவிடுகின்றன. அகராதி முழுக்க இப்படி ஒரு முறை செய்து வைத்துவிட்டால் ஒரே முகம் உள்ளவை தாமாகவே ஒன்றுகூடிவிடும். ஸ்கிராபிள்காரர்கள் இதை ஆல்ஃபாகிராம் என்கிறார்கள். காய் எடுத்ததும் அகர வரிசையில் அடுக்கிக்கொள்கிற பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு.

'இந்த எழுத்துகள் கட்டாயம் வர வேண்டும்' என்ற கேள்விக்கு இது போதாது. அதற்கு 26 விளக்குகளை நினைத்துக்கொள்ளலாம், எழுத்துக்கு ஒன்று. சொல்லில் இருக்கும் எழுத்துகளின் விளக்கு எரியும், மற்றவை அணைந்திருக்கும். நாம் கேட்ட விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்தால் முடிந்தது. வேகமான வழி. ஆனால் இதில் நான் ஒரு தப்பில் சிக்கினேன். ஜெனரலுக்கு எரியும் விளக்குகளே ஆங்லர் என்ற சொல்லுக்கும் எரிந்தன. தூண்டில் போடுகிறவர் என்று பொருள். அதில் ஒரே ஒரு 'ஈ'தான். விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியும், எத்தனை முறை என்று தெரியாது.

அதற்கு வழி கணிதத்தில் இருக்கிறது, எனக்கு இதில் பேரழகு தெரிகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பகா எண். 'ஏ'க்கு 2, 'பி'க்கு 3, 'சி'க்கு 5 என்று போனால் 'ஈ'க்கு 11, 'இசட்'டுக்கு 101. ஒரு சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களை எல்லாம் பெருக்க வேண்டியதுதான். பெருக்கலுக்கு வரிசை கிடையாது, அதனால் எழுத்துகளை எப்படிக் கலைத்தாலும் விடை மாறாது. ஒரு எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அதனால் வேறு எழுத்துக் கூட்டம் இந்த விடையைத் தரவே தராது. ஜெனரல் 39,92,67,814. என்லார்ஜும் கிளீனரும் அதேதான். ஆங்லர் 3,62,97,074. பெரியதைச் சிறியதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 11 வருகிறது, அதாவது ஒரு 'ஈ'. ஒரு சொல் இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்ற கேள்வி வெறும் வகுத்தலாகிவிட்டது! இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு மகளை எழுப்பிக் காட்டலாமா என்று கூட நினைத்தேன்.

ஒட்டி வரும் எழுத்துகளையும், வரிசையாக விட்டுவிட்டு வருபவற்றையும் தேடுவதற்கு யூனிக்ஸ் கணினிகளில் கிரெப் என்ற பழைய கருவி இருக்கிறது. அமெரிக்காவின் பெல் லேப் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1970களில் எழுதியது. எழுத்துகளுக்கு நடுவில் ஒரு புள்ளியும் நட்சத்திரக் குறியும் போட்டால் 'இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்' என்று அர்த்தம். ஹைஜாக் அப்படித்தான் சிக்கியது.

எந்தக் கருவியானாலும் சொற்பட்டியலைப் பொறுத்துத்தான் விடை. நான் முதலில் பயன்படுத்தியது 1934ல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்த பழைய பட்டியல். பல கணினிகளில் அது கூடவே வரும். 2,30,000 சொற்களுக்கு மேல் இருந்தும் பெரும்பாலான பன்மை வடிவங்கள் அதில் இல்லை. 1934க்குப் பிறகு பிறந்த சொற்களும் இல்லை. எனக்குக் கண்ணெதிரே தெரிகிற சொல்லைக் கணினி 'கிடையாது' என்றபோது என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். விடை வராவிட்டால் பட்டியலைப் பாருங்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. சொல் விளையாட்டுக்கு என்றே சேர்த்த எனேபிள் பட்டியலில் 1,70,000 சொற்களுக்கு மேல் உண்டு, பன்மையும் கால வடிவங்களும் சேர்த்து. விளையாட்டுக்கு அதுதான் சரி.

சரி, கணினி நொடியில் சொல்லிவிடும் என்றால் நாம் ஏன் தேட வேண்டும்? என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி சொல்லைப் பெறுவது பற்றி மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரிதான். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய நேரம். எழுத்துகள் இன்னும் சொல்லாகாமல் கிடக்கும் அந்த இடைப்பட்ட நேரத்தில், ஆங்கிலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. எது முன்னொட்டு, எது விகுதி, எந்த எழுத்து எதன் பக்கத்தில் நிற்க விரும்பும் என்பதை எந்த இலக்கணப் புத்தகத்தையும் விட இந்தக் காய்களிடம்தான் நான் அதிகம் கற்றேன்.

நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சில வாரங்கள் படித்து மனதில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 2024ல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். பொருள் தேவைப்படாமல் எழுத்தின் வடிவத்தை மட்டுமே பார்க்கும் அந்தப் பார்வையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எனக்கு அது வராது, வர வேண்டும் என்றும் இல்லை. கிளீனர் என்ற சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த ஏழு காய்களும் எனக்குச் சொந்தமாயின.

இப்போது வீட்டில் ஒரு தொடர் ஆட்டம் நடக்கிறது. ஜெனரலிலிருந்து 'எல்'லை எடுத்துவிட்டோம். மிச்சமுள்ள ஆறும் சேர்ந்தாலே ஜெனரா, உயிரியலில் பேரினங்கள் என்பதற்கான சொல். அந்த ஆறு காய்களும் மேஜை மேல் வட்டமாக நிரந்தரமாக இருக்கின்றன. தினமும் இரவில் யாராவது ஒருவர் ஏழாவது காயை வைப்போம். 'டி' வைத்த இரவில் ஆங்கர்ட், என்ரேஜ்ட், கிரனேட் மூன்றும் வந்தன. கோபப்பட்டவர், கொதித்துப்போனவர், கையெறி குண்டு. ஒரே ஒரு காய் மாறியதும் தளபதி போய் இத்தனை கோபம் எங்கிருந்து வந்தது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டிரேஞ்ச் என்று நான்காவதும் உண்டு என்று கணினி சொன்னது. 'வி' வைத்ததும் அவள் அவெஞ்சர் என்றாள், நான் என்கிரேவ் என்றேன். அந்த 'என்' இப்போது எனக்கு உடனே தெரிகிறது. 'டீ'க்கு ரீஏஜென்ட், கிரான்ட்டீ.

போன வாரம் அவள் 'எம்' வைத்தாள். இரண்டு நாள் இருவருக்கும் எதுவும் வரவில்லை. கணினியிடம் கேட்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை நான் எழுந்து வந்தபோது வட்டம் கலைந்து ஏழு காய்களும் நேராக நின்றன. ஜி, ஈ, ஆர், எம், ஏ, என், ஈ. ஜெர்மேன். பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் அவள் கையெழுத்தில் பொருளும் இருந்தது: "எடுத்த விஷயத்தோடு சம்பந்தப்பட்டது. அம்மா, இன்னிக்கு ராத்திரி உன் காய்."